‘4கே’ என்று போட்டுவிட்டால் நல்ல பிரிண்ட் ஆகிவிடுமா? பழைய ஐரோப்பியப் படங்களின் டிவிடி, ப்ளூரே தரம்

வைகைக்கரை

செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ (1966) என்னிடம் இரண்டு ப்ளூரேயாக இருக்கிறது. ஒன்று 2009 பதிப்பு. மற்றது 2014-இல் இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா லேபில் 4கே-யில் (அகலத்துக்கு ஏறக்குறைய நாலாயிரம் புள்ளி) புதுப்பிக்கப்பட்டது. கடைசிக் கல்லறைக் காட்சியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரே படம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

2009 பதிப்பில் கிரெயினை (ஃபிலிமிலேயே இருக்கும் நுண்ணிய புள்ளிகளை) அழிக்கிறேன் என்று முகத்தையே வழித்துவிட்டார்கள். லியோனி படத்தில் முகம்தானே எல்லாம்? வியர்வை, தாடி, வெயிலில் வெடித்த தோல் எல்லாமே மெழுகு பூசியதுபோல இருக்கிறது. 2014-இல் அந்த நுணுக்கம் அத்தனையும் திரும்பிவிட்டது. ஆனால் படம் முழுக்க மஞ்சள். வெள்ளையாக இருக்க வேண்டிய எதுவும் வெள்ளையாக இல்லை, வானம் பச்சை கலந்த நீலத்துக்குப் போய்விட்டது. புகார் எவ்வளவு கிளம்பியது என்றால், 2017-இல் கினோ லோர்பர் நிறுவனம் அதே படத்தைக் கலரைத் திருத்தி மறுபடி வெளியிட்டது.

என் ஆதங்கம் இதுதான். ‘4கே ரெஸ்டோரேஷன்’ என்ற வார்த்தை ஸ்கேனர் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தது என்பதை மட்டும் சொல்கிறது. எதை ஸ்கேன் செய்தார்கள், கேமராவில் ஓடிய ஒரிஜினல் நெகட்டிவா, காப்பிக்குக் காப்பி எடுத்த மூன்றாம் தலைமுறைப் பிரதியா? கலரை யார், எதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்தார்கள்? சத்தத்தில் கை வைத்தார்களா? காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு வேண்டிய தகவல் இவைதான். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பதோ 4கே மட்டும்.

உங்களிடம் இருக்கும் பதிப்புகளைப் பற்றி எழுதுங்கள்.

மூணாம்_ரீல்

அந்த 2014 பதிப்பு எனக்கும் பிடிக்காது. பொலோன்யா லேப் மீது இந்த மஞ்சள் புகார் பல வருஷமாக உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் திரையில் மஞ்சளோ பச்சையோ தெரிந்த உடனே லேபைத் திட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கீஸ்லோவ்ஸ்கியின் ‘எ ஷார்ட் ஃபிலிம் அபவுட் கில்லிங்’ (1988) பார்த்தவர்கள் சொல்லுங்கள். வார்சா நகரமே பாசி பிடித்தமாதிரிப் பச்சையும் பழுப்புமாக இருக்கும். பல ஷாட்டுகளில் ஓரம் இருண்டு, நடுவில் மட்டும் ஒரு அழுக்கு வெளிச்சம். ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இட்ஜியாக் பச்சை ஃபில்டர்களைத் தயார் செய்து லென்ஸுக்கு முன்னால் வைத்து எடுத்தது அது. ஒரு லேப் நல்லெண்ணத்தில் அந்தப் பச்சையை ‘சரி’ செய்தால் படம் செத்துப்போகும். ‘தி டபுள் லைஃப் ஆஃப் வெரோனிக்’ (1991) படத்தின் தங்க மஞ்சளும் அவருடைய கைவேலைதான்.

சரி, லேப்காரர்களின் சிக்கல் என்ன? கலர் நெகட்டிவை ஸ்கேன் செய்தால் நேராகப் படம் கிடைத்துவிடாது. வெளிறிப்போன, கான்ட்ராஸ்ட் இல்லாத ஒன்று கிடைக்கும். எந்த ஷாட்டுக்கு எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம் என்பதை அந்தக் காலத்தில் பிரிண்ட் போடும்போது லேபில் முடிவு செய்தார்கள். இன்று அதைக் கண்டுபிடிக்கப் பழைய பிரிண்ட் வேண்டும். 60, 70களின் ஈஸ்ட்மேன் கலர் பிரிண்டுகள் பெரும்பாலும் சாயம் போய் ரோஜா நிறத்தில்தான் கிடக்கின்றன. சாயத்தை அச்சுப்போலப் பதிக்கும் பழைய டெக்னிகலர் முறையில் போட்ட பிரிண்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம், அது மங்காது. இரண்டும் இல்லையென்றால் யாரோ ஒருவருடைய ஞாபகம்தான் சாட்சி.

அதனால் ‘மஞ்சளாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். எதை ஒப்பிட்டு அந்த மஞ்சளுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1993-இல் லண்டன் லேபில் தீப்பிடித்து சத்யஜித் ராயின் அப்பு படங்களின் நெகட்டிவ்கள் கருகிப்போயின. பல வருஷம் கழித்து மிஞ்சிய சுருள்களைக் கையால் ஒட்டி ஒட்டி மீட்டது இதே பொலோன்யா லேப்தான். அரவிந்தனின் ‘கும்மாட்டி’யை மீட்டதும் அவர்களே. ஒரு படத்தின் கலரை வைத்து மொத்த லேபையும் தள்ளிவைக்க எனக்கு மனசு வராது.

சேலம்_சபரி

அண்ணே, நான் இந்த ஏரியாவுக்குப் புதுசு. கோதாரின் ‘பிரெத்லெஸ்’ ப்ளூரே வாங்கினேன். புது டிவியில் போட்டால் முகம், சுவர், வானம் எல்லாத்திலும் புள்ளி புள்ளியா ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு. வித்தவரிடம் கேட்டால் ‘பழைய படம் அப்படித்தான்’ என்கிறார். ரிட்டர்ன் போட்டுடலாமா?

வைகைக்கரை

சபரி தம்பி, தயவுசெய்து ரிட்டர்ன் போடாதீர்கள். அந்தப் புள்ளிதான் படம்.

‘பிரெத்லெஸ்’ (1960) எடுக்கும்போது கோதாருக்கு இரவு வெளிச்சத்தில் லைட் போடாமல் எடுக்க வேண்டியிருந்தது. குறைந்த வெளிச்சத்திலும் பதிவாகும் ‘வேகமான’ சினிமா ஃபிலிம் அன்று இல்லை. ஒளிப்பதிவாளர் ரவூல் கூத்தார், போட்டோ எடுக்கும் கேமராவுக்கு விற்ற இல்ஃபோர்டு எச்பிஎஸ் ஃபிலிமை வாங்கினார். அது 17.5 மீட்டர் சுருளாகத்தான் வரும். சினிமா கேமராவில் ஓட்டினால் நாற்பது வினாடிகூடத் தாங்காது. அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக்கி, லேபில் இன்னும் வேகமேற்றிக் கழுவி எடுத்தார்கள். கிரெயின் பெரிதாக இல்லாமல் எப்படி இருக்கும்? பாரிஸ் தெருவில் பெல்மோந்தோ நடக்கும்போது வரும் அந்தக் கரடுமுரடு, அவர்கள் துணிந்து தேர்ந்தெடுத்தது.

லியோனி படத்திலும் இதே கதை. அதை எடுத்த டெக்னிஸ்கோப் முறையில் ஒரு ஃபிரேமுக்கு, ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் துளைக் கணக்கில் நாலு துளைக்குப் பதிலாக இரண்டு துளை உயரம்தான். ஃபிலிம் செலவு பாதி, ஆனால் சின்ன ஃபிரேமை அகலத் திரைக்குப் பெரிதாக்குவதால் கிரெயினும் பெரிதாகும். 2009-இல் வழித்தெடுத்தது அதைத்தான்.

முதலில் டிவி செட்டிங்கைப் பாருங்கள். ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’, ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். கடையில் கண்ணைப் பறிக்கிறமாதிரி வைத்திருந்த ‘விவிட்’ மோடை விட்டு ‘சினிமா’ மோடுக்கு வாருங்கள். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்தால் ஜூம் பண்ணாதீர்கள். 1.37 விகிதத்தில் (உயரத்தைப்போல 1.37 மடங்கு அகலம்) எடுத்த படம் அப்படித்தான் உட்காரும்.

இளவேனில்

கிரெயினை அழிக்கும் மென்பொருள் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து அடுத்ததில் இல்லாத சின்னப் புள்ளிகளைக் குப்பை என்று நினைத்துத் துடைக்கிறது. கிரெயின் மட்டுமா அப்படி இருக்கும்? மழைத்துளி, சிகரெட் புகை, வெளிச்சத்தில் மிதக்கும் தூசி எல்லாமே ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறுகிறவை. அதனால் ஒரு டிஸ்கைச் சோதிக்க நான் முதலில் மழைக் காட்சிக்கோ புகைக் காட்சிக்கோ போவேன். மழை பாதியில் காணாமல்போனால் அந்த டிஸ்க் எனக்கு வேண்டாம்.

கருப்பு வெள்ளை என்பதாலேயே கலர்ப் பிரச்சினை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’வை (1922) யூடியூபில் கருப்பு வெள்ளையாகப் பார்த்தவர்கள், ரத்தக் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் இரவுக் காட்சியைப் பகலில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம். அந்தச் சாயம் இல்லாத காப்பியிலிருந்து டிவிடி போட்டவர்கள் கதையையே கெடுத்துவிட்டார்கள். முர்னாவ் அறக்கட்டளை 2006-இல் புதுப்பித்த பதிப்பில் நிறங்கள் திரும்ப வந்துவிட்டன. பார்ப்பதென்றால் அதைப் பாருங்கள்.

யாழ்_சுதன்

வணக்கம். நான் பாரிசில இருக்கிறன். நெகட்டிவ் பற்றி வைகைக்கரை அண்ணை துவக்கத்தில கேட்டவர், அதைப்பற்றிப் பிறகு ஒருத்தரும் கதைக்கேல்லை, அதான் எழுதுறன்.

ழான் ரெனுவாரின்ர ‘லா கிராந்த் இல்யூசியோன்’ (1937) எடுத்துக்கொள்ளுங்கோ. ஜெர்மன்காரர் பாரிசைப் பிடிச்சாப்பிறகு அந்தப் படத்தின்ர நெகட்டிவைப் பெர்லினுக்குக் கொண்டு போயிட்டினம். யுத்தம் முடிய ரஷ்யர் அதைப் பெர்லினில இருந்து மொஸ்கோவுக்கு எடுத்துக்கொண்டு போனவை. அறுபதுகளில துலூஸ் சினிமாதெக்குக்கு (திரைப்படக் காப்பகம்) பரிமாற்றமாக் குடுத்த பெட்டியளோட அது திரும்பிப் பிரான்சுக்கு வந்திட்டுது. ஆனா பெட்டிக்குள்ள இருக்கிறது என்ன எண்டு ஆருக்கும் தெரியேல்லை. தொண்ணூறுகளிலதான் அது ஒரிஜினல் நெகட்டிவ் எண்டு கண்டுபிடிச்சினம். அதுவரைக்கும் உலகம் முழுக்கச் சனம் பார்த்தது காப்பியின்ர காப்பி.

கிரைட்டீரியன் எண்ட அமெரிக்க நிறுவனத்தின்ர டிவிடி வரிசையில இந்தப் படத்துக்குத்தான் இலக்கம் 1. ஆனா டிஸ்க் வெளிவந்தது 1999 கடைசியில. நல்ல மூலம் கிடைச்சிட்டுது எண்டு தெரிஞ்ச உடன வெளியீட்டைத் தள்ளிவைச்சவை. எனக்கு அது பெரிய விசயமாப் படுது. அவசரப்பட்டுக் கையில இருந்ததைப் போட்டிருந்தாலும் அண்டைக்கு ஆரும் குறை சொல்லியிருக்க மாட்டினம்.

வெறும் டிவிடிதான், ஆனா அந்த மூலத்தில இருந்து எடுத்தது. காப்பியில இருந்து எடுத்த ப்ளூரேயை விட எனக்கு அது போதும்.

மூணாம்_ரீல்

சுதன் சொன்னதோடு ‘மெட்ரோபொலிஸ்’ (1927) சேர்க்க வேண்டும். ஃபிரிட்ஸ் லாங்கின் படத்தைப் பெர்லின் முதல் வெளியீட்டுக்குப் பிறகு வெட்டித் தள்ளிவிட்டார்கள். 2008-இல் புவெனஸ் அயர்ஸ் சினிமா மியூசியத்தில் ஒரு 16 எம்எம் காப்பி கிடைத்தது. அதிலிருந்து ஏறக்குறைய 25 நிமிடக் காட்சிகள் மீண்டன. 2010-இல் பெர்லின் விழாவில் புதிய பதிப்பு திரையிடப்பட்டது.

அந்த டிஸ்கைப் பார்த்தால் நல்ல தெளிவான காட்சிக்கு நடுவில் திடீரென்று மழை பெய்தமாதிரிக் கோடு கோடாக ஷாட்டுகள் வரும். 35 எம்எம் ஃபிரேமை 16-க்குச் சுருக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. அதனால் அந்த ஷாட்டுகளில் படத்தின் ஓரத்தில் கருப்பு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். இழுத்துப் பெரிதாக்கி மறைத்திருக்கலாம், செய்யவில்லை. பார்க்கிறவனுக்கு ‘இது அர்ஜென்டினாவில் கிடைத்த பகுதி’ என்று ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. நான் பார்த்ததிலேயே நேர்மையான ரெஸ்டோரேஷன் அதுதான். நட்சத்திர மதிப்பெண் போடுகிறவர்கள் ‘படத்தெளிவு 3’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள்.

வைகைக்கரை

வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. என்னை ரொம்ப உறுத்துவது அதுதான்.

நம் ஊர் டிவி ஒளிபரப்பு PAL (‘பால்’) என்ற முறையில் இருந்தது. இங்கேயும் ஐரோப்பாவிலும் விற்ற டிவிடிகளில் நிறைய பால் டிஸ்குகள். படம் எடுத்தது வினாடிக்கு 24 ஃபிரேம், பால் ஓடுவது 25. அந்த ஒரு ஃபிரேமுக்காக மொத்தப் படத்தையும் 4 சதவீதம் வேகமாக ஓட்டினார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சத்தத்தைத் தனியாகத் திருத்தாவிட்டால் சுருதியும் ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிவிடும். சங்கீத ஞானம் உள்ளவர்களுக்கு உடனே காதில் குத்தும், நடிகர்களின் குரலும் இளைத்துக் கேட்கும். ப்ளூரே 24-லேயே ஓடுவதால் இந்தத் தொல்லை போனது. படத்தெளிவைவிட இதற்காகவே நான் பல படங்களைத் திரும்ப வாங்கினேன்.

மௌனப் படத்தில் இது இன்னும் சிக்கல். டிரையரின் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) வரலாறு நிறையப் பேருக்குத் தெரியும். முதல் நெகட்டிவ் தீயில் போனது. விட்டுப்போன ஷாட்டுகளை வைத்து டிரையர் உருவாக்கிய இரண்டாவதும் தீயில் போனது. 1981-இல் ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையில் முதல் பதிப்பின் பிரிண்ட் கிடைத்தது. சரி, கிடைத்த பிரிண்டை எந்த வேகத்தில் ஓட்டுவது? மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா என்ற டிஸ்க் வரிசையில் 2012-இல் போட்ட ப்ளூரேயில் 20 ஃபிரேம், 24 ஃபிரேம் இரண்டும் இருக்கின்றன. 20-இல் 97 நிமிடம், 24-இல் ஏறக்குறைய 81.

இரண்டிலும் ஜோனாக நடித்த ஃபால்கொனெத்தியின் முகத்தைப் பாருங்கள். ஜோனின் கண்ணில் நீர் திரண்டு, தளும்பி, கன்னத்தில் இறங்குகிற ஒரு ஷாட். 24-இல் அது அழுகை. 20-இல் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டு தோற்றுப்போவது தெரிகிறது. என் தேர்வு 20. மற்றதையும் கொடுத்து நம்மிடமே முடிவை விட்டார்கள் பாருங்கள், டிஸ்க் போடுவது என்றால் அப்படிப் போட வேண்டும்.

இளவேனில்

சத்தத்துக்கு வருகிறேன். தர்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) மோனோவில், அதாவது ஒரே ஸ்பீக்கருக்கான ஒலியில் செய்த படம். ரஷ்ய நிறுவனமான ருசிகோ 2000களின் தொடக்கத்தில் டிவிடி போட்டபோது 5.1 கலவை (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கருக்கானது) செய்தது. அப்போது ஹோம் தியேட்டர் மோகம். ஒரிஜினலில் இல்லாத சத்தங்கள் வந்தன, இருந்த மௌனம் போனது. ரசிகர்கள் விடாமல் எதிர்த்த பிறகு மோனோவையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள்.

மூன்று பேரும் தண்டவாள வண்டியில் ‘ஸோன்’ என்ற தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போகிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? சக்கரத்தின் ‘டடக் டடக்’ மெல்ல மெல்ல இசையமைப்பாளர் அர்த்தேமியெவின் மின்னிசையோடு கலந்து, எது வண்டி எது இசை என்று பிரிக்க முடியாமல் ஆகும். அந்தக் கலவையை ஒரே ஸ்பீக்கருக்காக அளந்து செய்திருக்கிறார்கள். அதைப் பிரித்து அறையின் ஐந்து மூலையில் வைத்தால் என்ன மிஞ்சும்? 2017-இல் கிரைட்டீரியன் போட்ட ப்ளூரேயில் மோனோதான். படமும் 2கே மட்டும். 4கே ஸ்டிக்கர் இல்லாத அந்த டிஸ்கை நான் யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

பழைய படத்தின் மெனுவில் மோனோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் வாங்குவது.

சேலம்_சபரி

டிவி செட்டிங் மாத்தினேன். நிஜமாவே வேற படம் மாதிரி இருக்கு. நன்றிண்ணே, டிஸ்க் என்கிட்டயே இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். இயக்குநரோ கேமராமேனோ ‘ஒப்புதல் கொடுத்தது’ன்னு அட்டையில போட்டிருந்தால் கண்ணை மூடிட்டு வாங்கலாம்தானே?

மூணாம்_ரீல்

பெரும்பாலும் ஆமாம். எடுத்தவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?

வைகைக்கரை

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெர்த்தொலுச்சியின் ‘தி லாஸ்ட் எம்பரர்’ (1987) தியேட்டரில் ஓடியது 2.35 அகலத்தில். ஒளிப்பதிவாளர் வித்தோரியோ ஸ்தொராரோ பிற்காலத்தில் எல்லாப் படமும் 2:1 விகிதத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு கொள்கைக்கு வந்தார். 2008-இல் கிரைட்டீரியன் டிஸ்க் அவருடைய ஒப்புதலோடு 2:1 ஆக வெட்டப்பட்டு வந்தது. விலக்கப்பட்ட நகரத்தின் முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நிற்க, நடுவில் அந்தக் குழந்தை அரசன். அந்த ஷாட்டின் இரண்டு ஓரமும் போய்விட்டது. எடுத்தவரே வெட்டினாலும் வெட்டு வெட்டுதான். 1987-இல் சனங்கள் பார்த்த படம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை.

மூணாம்_ரீல்

ஸ்தொராரோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ஒன்றை வைத்துப் பொதுவிதி போடாதீர்கள். இட்ஜியாக் பக்கத்தில் உட்காராவிட்டால் அந்தப் பச்சையை யார் காப்பாற்றுவது? இரண்டு அகலத்தையும் ஒரே பெட்டியில் கொடுத்திருக்கலாம் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சேலம்_சபரி

அப்போ ஓடிடியில் பார்க்கிறது வேஸ்டா?

இளவேனில்

வேஸ்ட் இல்லை, பார்க்கவே கிடைக்காத படங்களை அங்கேதான் பலர் பார்க்கிறோம். கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டிவிடியில் படத்துக்கு வினாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட், ப்ளூரேயில் 40. இணையத்தில் அனுப்பும்போது தரவைச் சுருக்குவார்கள். சுருக்கும்போது முதலில் பலியாவது கிரெயின், ஏனென்றால் அது ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக மாறுகிறது. ‘பிரெத்லெஸ்’ மாதிரிப் படம் இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாக உடைவதற்குக் காரணம் அதுதான். எந்த மாஸ்டரிலிருந்து (மூலப் பிரதியிலிருந்து) எடுத்தது என்று ஓடிடியில் சொல்வதே அபூர்வம், ஒரு நாள் மாற்றிவிட்டாலும் நமக்குத் தெரியாது.

சேலம்_சபரி

வாங்குறதுன்னு முடிவாச்சு. வெளிநாட்டு டிஸ்க் நம்ம பிளேயரில் ஓடுமா?

யாழ்_சுதன்

இதில கவனம் தம்பி. எந்தப் பகுதி பிளேயரில ஓடலாம் எண்டு டிஸ்கைப் பூட்டுறதுதான் ரீஜன். ப்ளூரேக்கு இந்தியா ரீஜன் சி. அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி. கிரைட்டீரியன்ர அமெரிக்க டிஸ்குகள் ஏ-யில பூட்டினது, பிரித்தானியாவில விக்கிறது பி. உங்கட கடையில வாங்கின சாதாரண பிளேயரில ரெண்டும் ஓடாது. ரீஜன் ஃப்ரீ பிளேயர் எண்டு கேட்டு வாங்குங்கோ. 4கே யுஎச்டி டிஸ்குக்கு ரீஜன் இல்லை, ஆனா அதே பெட்டிக்குள்ள வைக்கிற ப்ளூரேக்கு இருக்கும். துணைப் படங்களெல்லாம் கூடுதலா அந்த ப்ளூரேயிலதான் கிடக்கும்.

பிரெஞ்சுப் பதிப்புகள் வடிவா இருக்குது எண்டு ஆசைப்பட்டு எடுக்காதேங்கோ. கன டிஸ்குகளில இங்கிலீஷ் சப்டைட்டில் கிடையாது. எனக்குப் பிரெஞ்சு விளங்கும், அதால பிரச்சினை இல்லை. இந்தியாவில இருக்கிற கூட்டாளி ஒருத்தன் பெரிய பெட்டியொண்டு எடுத்துப்போட்டுப் பார்க்க ஏலாமல் வைச்சிருக்கிறான்.

இளவேனில்

பிளேயர் மாற்றும்வரை சபரிக்கு ஒரு வழி இருக்கிறது. லண்டனில் செகண்ட் ரன் என்று ஒரு சின்ன நிறுவனம், செக், போலந்து, ஹங்கேரிப் படங்களாகப் போடுவார்கள். அவர்களுடைய ப்ளூரேக்கள் பெரும்பாலும் ரீஜன் பூட்டு இல்லாதவை. யுராய் ஹெர்ட்ஸின் ‘தி கிரிமேட்டர்’ (1969) அவர்கள் 2017-இல் போட்டது, அதிலிருந்து தொடங்குங்கள். கருப்பு வெள்ளை, முகத்துக்கு மிக அருகில் வைத்த வைட் லென்ஸ். வாங்குவதற்கு முன்னால் அட்டையின் பின்பக்கப் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கி ரீஜனையும் சப்டைட்டிலையும் பாருங்கள். டிவிடி பீவர் தளத்தில் அந்தப் பதிப்பின் ஸ்டில் ஒப்பீடு இருந்தால் முகத்தையும் நிழலையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

சேலம்_சபரி

‘தி கிரிமேட்டர்’ ஆர்டர் போட்டாச்சு அக்கா. வந்ததும் ஸ்டில் எடுத்து இங்கேயே போடுறேன், மழைக் காட்சி இருந்தால் அதையும் சேர்த்து.